டி.என்.ஏ. வங்கி: தப்பு செய்யாதவருக்கு என்ன பயம்?

கேள்வி கேட்டவர் குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர். ஊரில் ஒரு வீட்டில் நகை திருட்டு போயிருக்கிறது. சந்தேகத்தில் அவருடைய சித்தப்பா மகனை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய் கைரேகையும் போட்டோவும் எடுத்திருக்கிறார்கள். பிறகு வாய்க்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எச்சிலும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்.ஐ.ஆரில் பையனின் பெயர் இல்லை, கைதும் இல்லை. “அந்த எச்சில் இப்போது எங்கே இருக்கும்? மத்திய அரசு எல்லாருடைய டி.என்.ஏ.வையும் சேர்த்து வைக்கப் போகிறதாமே? தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று அப்பா கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறார்.

நான் வேலூரில் ஒரு மருத்துவ ஆய்வகத்தில் 27 வருடம் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். ரத்தத்தையும் தெரியும், அதை வைத்து நடக்கும் வழக்குகளையும் ஓரளவு தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாக் குடிமக்களின் டி.என்.ஏ.வையும் சேகரிக்கச் சொல்லும் சட்டம் இன்று இந்தியாவில் இல்லை. தேசிய டி.என்.ஏ. வங்கி அமைக்க ஒரு மசோதா வந்தது, பல வருடம் இழுத்தது, கடைசியில் 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே வேறொரு சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. போலீஸ் கைக்குப் போகும் ஆட்களின் உடல் மாதிரிகளை எடுக்கவும், அந்தப் பதிவை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் அது வழி செய்கிறது. வேலி போடுவதற்குள் மாடு வயலுக்குள் வந்துவிட்டது என்பதுதான் இன்றைய நிலைமை.

முதலில் அப்பாவின் கேள்வி. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதால் பொறுமையாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு மனிதனின் டி.என்.ஏ. சுமார் 300 கோடி எழுத்துகள் நீளம். குற்ற விசாரணையில் அதை முழுவதும் படிப்பதில்லை. குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் பார்ப்பார்கள். அந்த இடங்களில் நாலெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். ஒரு இடத்தில் அது எனக்கு 12 முறை வரலாம், உங்களுக்கு 15 முறை வரலாம். அப்பா வழியில் ஒரு எண், அம்மா வழியில் ஒரு எண். அமெரிக்காவில் 2017 முதல் இப்படி 20 இடங்களைப் பார்க்கிறார்கள். ஆக ஒரு ஆளுக்கு 40 எண்கள். வங்கியில் வைக்கப் போவது இந்த எண்களைத்தான், இதில் உங்கள் நோயோ குணமோ தெரியாது என்று அரசுத் தரப்பு சொல்லும். எண்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. ஆனால் எண்களை எடுத்த பிறகு அந்தப் பஞ்சுக் குச்சி என்ன ஆகிறது? அதில் 300 கோடி எழுத்தும் இருக்கிறது. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, பரம்பரை ரத்த நோய், யார் யாருக்குப் பிள்ளை என்பது வரை எல்லாம் அதில் உண்டு. குச்சி பத்திரமாக இருந்தால், இன்று கேட்காத கேள்வியை இருபது வருடம் கழித்தும் அதனிடம் கேட்கலாம். ஆகவே டி.என்.ஏ. வங்கி என்று யாராவது பேசினால், எண்களைப் பற்றிப் பேசுகிறார்களா குச்சியைப் பற்றியா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. உங்கள் தம்பி வாயிலிருந்து எடுத்த எச்சில் அவனுடையது மட்டும் இல்லை.

நீங்களும் அவனும் பங்காளிகள். ஒய் குரோமோசோம் என்பது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும் டி.என்.ஏ. பகுதி. உங்கள் தாத்தாவிடமிருந்து உங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வந்த அதுதான் உங்களுக்கும் அவனுக்கும் வந்திருக்கிறது. பாலியல் வழக்குகளில் பெண்ணின் செல்லும் ஆணின் செல்லும் கலந்து கிடக்கும்போது, ஆணுடையதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க இந்த ஒய் சோதனையைத்தான் செய்வார்கள். அதில் பொருத்தம் வந்தால் என்ன அர்த்தம்? இந்த ஆண் வழியில் பிறந்த யாரோ ஒருவர் என்றுதான் அர்த்தம். எந்த ஆள் என்று அது சொல்லாது. நம் பக்கத்து ஊர்களில் ஒரு தெரு முழுக்கப் பங்காளி வீடாக இருப்பது சாதாரணம். பட்டணத்து நீதிமன்றத்தில் ‘ஒய் பொருந்தியது’ என்று ஒரு வரி வாசிக்கப்படும்போது, இங்கே அந்த வரிக்குள் ஐம்பது ஆண்கள் நிற்கலாம். தாத்தாவிலிருந்து தொட்டில் பிள்ளை வரை.

சாதாரண 40 எண் பட்டியலிலும் சொந்தம் தெரியும். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண்ணாவது பொருந்தும். முழுப் பொருத்தம் கிடைக்காவிட்டால் பாதிப் பொருத்தம் உள்ளவர்களைத் தேடி, அவர்கள் வீட்டு ஆட்களை விசாரிக்கும் முறை சில வெளிநாடுகளில் இருக்கிறது. 2018-ல் கலிபோர்னியாவில் பல கொலைகள் செய்த முன்னாள் போலீஸ்காரர் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் எந்த வங்கியிலும் இல்லை. குடும்ப மரம் தேடுவதற்காகத் தங்கள் டி.என்.ஏ.வைத் தாமாகவே இணையத்தில் ஏற்றியிருந்த தூரத்துச் சொந்தக்காரர்கள் வழியாகத்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். கொலைகாரன் அகப்பட்டது நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த முறையைக் கவனியுங்கள். முகம்கூடப் பார்க்காத சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த எச்சில், உங்களைக் காட்டிக்கொடுக்கப் போதும்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். அக்கா மகளைக் கட்டுவது, அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் முடிப்பது எல்லாம் வட ஆற்காட்டில் இன்னும் இருக்கிறது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் சராசரியாக நான்கில் ஒரு பங்கு மரபணு பொது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் எட்டில் ஒரு பங்கு. அவர்களே கல்யாணம் செய்துகொண்டால், பிள்ளைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே துண்டைப் பெறும் வாய்ப்பு கூடும். ‘இந்த எண் வரிசை இத்தனை கோடிப் பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும்’ என்று நிபுணர் சாட்சி சொல்கிறாரே, அந்தக் கணக்கின் அடிப்படை, கல்யாணங்கள் சொந்தபந்தம் பார்க்காமல் நடக்கின்றன என்ற அனுமானம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள், சாதிக்குள் கல்யாணம் செய்யும் ஊரில் அந்தக் கணக்குக்குத் திருத்தம் போட வேண்டும். திருத்தம் போடும் முறை அறிவியலில் இருக்கிறது. போட்டார்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்கத் தெரிந்த வக்கீல் ஏழைக்குக் கிடைப்பாரா என்பதுதான் கவலை.

ஆக, “நான் தப்பு செய்யவில்லை, எனக்கு என்ன” என்று அப்பா சொல்லும்போது, அவர் வீட்டிலும் சம்பந்தி வீட்டிலும் உள்ள எல்லாருக்காகவும் சேர்த்துச் சொல்கிறார். இன்னும் பிறக்காத பேரனுக்கும் சேர்த்து.

தப்பு செய்யாதவர் மாட்டவே மாட்டார் என்ற நம்பிக்கையும் சரியில்லை. 1999-ல் இங்கிலாந்தில் பார்கின்சன் நோயால் சரியாக நடக்கக்கூட முடியாத ஒருவரை, வெகு தூரத்தில் நடந்த ஒரு திருட்டுக்காகப் பிடித்தார்கள். ஆறு இடங்களில் எண் பொருந்தியது, தற்செயலாக அப்படிப் பொருந்த 3 கோடியே 70 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்றார்கள். கூடுதல் இடங்களைச் சோதித்த பிறகுதான் ஆள் வேறு என்று தெரிந்தது. ஒரு வங்கியில் லட்சக்கணக்கான பேரை வைத்து ஒவ்வொரு வழக்குக்கும் அத்தனை பேரோடும் ஒப்பிட்டால், தற்செயல் பொருத்தத்துக்கும் அத்தனை வாய்ப்பு கொடுக்கிறோம். இன்று கூடுதல் இடங்களைப் பார்ப்பதால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. மனிதக் கைத் தவறு மட்டும் குறையவில்லை.

என் கதையையே சொல்கிறேன். ஆய்வகத்தில் ஒரு நாள் ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே வயதுள்ள இரண்டு பெண்கள். ரத்தம் எடுத்தது நான், லேபிள் ஒட்டியதும் நான். குழாய் மாறிவிட்டது. அதில் ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றுவதற்கு முன் செய்யும் கிராஸ் மேட்ச் சோதனையில் பொருந்தாமல் போகவே, தவறு பிடிபட்டது. அந்த இரண்டாவது சோதனை இல்லாவிட்டால் ஒரு உயிர் போயிருக்கும். அன்று இரவு நான் தூங்கவில்லை. மருத்துவத்தில் தவறைப் பிடிக்க நோயாளியின் உடம்பே பெரும்பாலும் ஒரு வழி காட்டும். டி.என்.ஏ. வழக்கில் குழாய் மாறினால், மாறியது என்று யார் சொல்வார்கள்? சிறைக்குள் இருப்பவன் சொன்னால் கேட்பார்களா?

இது வெறும் கற்பனை இல்லை. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் 2011-ல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் ஒருவருக்குக் கீழ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரிகள் எடுத்த பிறகு யார் கையில், எங்கே, எப்படி இருந்தன என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லாததும் முக்கியமான ஒரு காரணம். அந்தத் தீர்ப்பிலேயே நாடு முழுமைக்கும் விதிகள் சொன்னார்கள். மாதிரி 48 மணி நேரத்துக்குள் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். கை மாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுத வேண்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் சீலை உடைக்கக் கூடாது. ஆய்வகத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஈரம் காயாத பஞ்சை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் கிருமி வளர்ந்து டி.என்.ஏ. சிதைய ஆரம்பித்துவிடும். உலர வைத்துக் காகித உறையில் போட வேண்டும். வேலூர் அக்னி நட்சத்திர வெயிலில் ஸ்டேஷன் பீரோவுக்குள் ஒரு வாரம் கிடந்த பஞ்சைப் பற்றி நான் நல்லது எதுவும் சொல்ல மாட்டேன்.

இப்போது வேலூர் சம்பந்தப்பட்ட பழைய கதை ஒன்று. எச்.ஐ.வி. இந்தியாவில் இருக்கிறது என்று முதலில் தெரிந்தது நம் ஊரில் செய்த சோதனையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரி முதுநிலை மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் ரத்த மாதிரிகள் சேகரித்தார். பலவும் போலீஸ் பிடித்து காப்பகத்தில் வைத்திருந்த பாலியல் தொழிலாளிகளிடம் எடுத்தவை. அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுவந்து, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வகத்தில் சோதித்தார். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அந்தக் கண்டுபிடிப்பு நாட்டையே விழிக்க வைத்தது. அதன் பிறகு தானமாக வரும் ரத்தத்தைச் சோதிப்பது கட்டாயமாகி எத்தனையோ பேர் தப்பினார்கள். நிர்மலாவின் உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். கையுறைகூட இல்லாமல் செய்த வேலை அது.

ஆனால் அந்தப் பெண்களிடம் எதற்கு ரத்தம் எடுக்கிறோம் என்று சொல்லவில்லை. சொன்னாலும் அவர்களுக்குப் புரிந்திருக்காது என்று பின்னாளில் நிர்மலாவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அடுத்து வந்த வருடங்களில், எச்.ஐ.வி. இருக்கிறது என்ற காரணத்துக்காகவே தண்டனைக் காலம் தாண்டியும் காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்ட பெண்கள் உண்டு. அவர்களை வெளியே கொண்டுவர உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது 2017-ல். அதாவது 31 வருடம் கழித்து. ரத்தம் முதலில் போனது, சட்டம் ஒரு தலைமுறை தள்ளி வந்தது. நடுவில் அகப்பட்டவர்கள், காவலில் இருந்ததால் மறுக்க முடியாத பெண்கள்.

காவலில் இருப்பவன் கொடுக்கும் சம்மதம் என்ன சம்மதம்? வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, இங்கே லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கும் நோயாளி ரத்தம் கொடுக்கும்போது எந்தச் சோதனைக்கு என்று சீட்டில் எழுதியிருக்கும். வேண்டாம் என்று எழுந்து போகவும் முடியும். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனால் எழுந்து போக முடியாது.

அப்புறம் யாருடைய ரத்தம் முதலில் போகும் என்பதும் தமிழ்நாட்டுக்குப் புதிய கேள்வி இல்லை. நம் தாத்தா காலத்தில் இதற்கு ‘ரேகைச் சட்டம்’ என்று பெயர். குற்றப் பரம்பரைச் சட்டத்தில் குறவர், பிரமலைக் கள்ளர் முதலான சமூகங்களைப் பிறப்பை வைத்தே குற்றவாளிகள் என்று பட்டியல் போட்டு, கைரேகை பதிய வைத்தார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அதே 1920-ல்தான் வெள்ளைக்காரன் கைதிகள் அடையாளச் சட்டத்தையும் கொண்டுவந்தான். குற்றப் பரம்பரைச் சட்டம் போய் எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. திருட்டு நடந்தால் ஜீப் முதலில் எந்தக் குடியிருப்புக்குப் போகிறது என்பது இன்னும் மாறவில்லை. ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போய் ஆந்திராவில் கைதான மலையாளிப் பழங்குடிகளை நினைத்துப் பாருங்கள். முதலாளி யார் என்று தெரியாத வழக்குகளில் கூலிக்காரனின் ரேகைதான் ஏடேறுகிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமை நடந்தது. அந்த வழக்கில் டி.என்.ஏ. ஒப்பீட்டுக்கு ரத்தம் கேட்கப்பட்டவர்களில் அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களும் இருந்தார்கள். பாதிக்கப்பட்ட எங்களிடமே ஏன் என்று அவர்களில் பலர் மறுத்தார்கள். வங்கி ஒன்று வந்தால், அதில் யாருடைய பெயர்கள் அதிகம் இருக்கும் என்பது இப்போதே தெரிகிறது. அந்தப் பெயர்களின் சொந்தக்காரர்களும் கூடவே உள்ளே வந்துவிடுவார்கள்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். டி.என்.ஏ. தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2019 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. அதே ஆண்டு ஜூலையில் மறுபடி கொண்டுவந்தார்கள். குற்ற இடத்தில் கிடைத்தவை, சந்தேக நபர்கள், தண்டனை பெற்றவர்கள், காணாமல் போனவர்கள், அடையாளம் தெரியாத பிணங்கள் என்று ஐந்து பட்டியல்கள் அதில் இருந்தன. கண்காணிக்க ஒரு வாரியமும், தகவலை வெளியே விட்டால் தண்டனையும் இருந்தன. குறைகளும் நிறைய. ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. சாதி, மதம், அரசியல் கருத்தை வைத்து மக்களைக் குறிவைக்க இது பயன்படலாம் என்ற அச்சத்தை அந்த அறிக்கையே பதிவு செய்தது. அதன் பிறகு மசோதாவைத் திருத்திக் கொண்டுவந்திருக்கலாம். திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

அதற்குள் வந்ததுதான் 2022-ன் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம். ஆகஸ்ட் 4 முதல் அமலில் இருக்கிறது. 1920 சட்டத்தின் இடத்தில் இது உட்கார்ந்தது. பழைய சட்டத்தில் ரேகை, கால்தடம், போட்டோ என்று இருந்தது. இதில் கருவிழி, விழித்திரை, உடல் மாதிரிகள், அவற்றின் பகுப்பாய்வு, கையெழுத்து எல்லாம் வந்துவிட்டன. ‘டி.என்.ஏ.’ என்ற சொல் இல்லை, ஆனால் உடல் மாதிரியின் பகுப்பாய்வு என்றால் அதுவும்தானே. ஏட்டு அந்தஸ்தில் உள்ளவரே எடுக்கலாம். தண்டனை பெற்றவர், கைதானவர், குண்டர் சட்டம் மாதிரி தடுப்புக் காவலில் இருப்பவர் எல்லாரும் இதற்குள் வருவார்கள். பதிவு டெல்லியில் உள்ள தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்குப் போய் 75 ஆண்டு இருக்கும். இருபது வயதில் கொடுத்தால் தொண்ணூற்றைந்து வயது வரை.

பாதுகாப்பு என்று இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரான குற்றமாக இல்லாமல், ஏழு ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய வழக்கில் கைதானவர், உடல் மாதிரி கொடுக்கக் கட்டாயமில்லை. இந்த உரிமை இருப்பதை யார் அவருக்குச் சொல்கிறார்கள்? எச்சில் எடுக்கும் ஏட்டுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது, முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையானால் பதிவை அழிக்க வேண்டும். அதுவும் எல்லா மேல்முறையீடும் முடிந்த பிறகு. தானாக அழியாது, அதற்கென நியமித்த அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். பேரணாம்பட்டில் தோல் ஷெட்டில் கூலி வேலை பார்ப்பவரோ பீடி சுற்றும் பெண்ணோ, வழக்கு முடிந்து எத்தனையோ வருடம் கழித்து இதை ஞாபகம் வைத்து மனுப் போடுவார் என்று சட்டம் எதிர்பார்க்கிறது.

இங்கிலாந்தில் 1995-லேயே தேசிய வங்கி தொடங்கினார்கள். விடுதலையானவர்களின் டி.என்.ஏ.வையும் காலவரையின்றி வைத்திருந்தார்கள். கைதானபோது 11 வயதாக இருந்த ஒரு பையனும் இன்னொருவரும் தொடுத்த வழக்கில், 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்தது. 2012-ல் புதுச் சட்டம் போட்டு 17 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை நீக்கினார்கள். எண்களை எடுத்த பிறகு மாதிரியை ஆறு மாதத்துக்குள் அழிக்க வேண்டும் என்றும் விதி செய்தார்கள். குவைத்தில் நாட்டிலுள்ள அத்தனை பேரும் டி.என்.ஏ. கொடுக்க வேண்டும் என்று 2015-ல் சட்டம் வந்தது. அந்த நாட்டு நீதிமன்றமே 2017-ல் ரத்து செய்துவிட்டது. அதே 2017 ஆகஸ்ட் 24-ல்தான் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் அரசு கை வைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், தேவை இருக்க வேண்டும், அந்தத் தேவைக்கு மிஞ்சி எடுக்கக் கூடாது. இந்த மூன்றாவது அளவுகோலில் 75 ஆண்டு எப்படி நிற்கும் என்று எனக்குப் புரியவில்லை.

சேர்த்து வைப்பதைக் காப்பாற்றும் திறமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளே முடக்கப்பட்டன. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகம் அறியும் இணையதளத்துக்குள் வெளி ஆட்கள் நுழைந்துவிட்டார்கள். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். குற்ற விசாரணைக்கு அதில் விலக்கு உண்டு, அரசு தான் அறிவிக்கும் அமைப்புகளுக்கு முழு விலக்கே கொடுக்கலாம். ஏ.டி.எம். எண் வெளியே போனால் மாற்றிக்கொள்வோம். இதை மாற்ற முடியாது.

இவ்வளவு சொன்னதால் நான் டி.என்.ஏ. சோதனைக்கே எதிரானவன் என்று நினைக்க வேண்டாம். குழந்தையைச் சிதைத்தவனைப் பிடிக்க இதைவிட நல்ல சாட்சி இல்லை. செய்யாத குற்றத்திலிருந்து ஆளை விடுவிக்கவும் இதைவிட நல்ல சாட்சி இல்லை. இங்கிலாந்தில் 1980-களில் இந்த முறையைக் கொலை விசாரணையில் முதன்முதலில் பயன்படுத்தியபோது, முதலில் தப்பியது பொய்யாக ஒப்புக்கொண்டிருந்த ஒரு பதினேழு வயதுப் பையன். 2023-ல் ஒடிசா பாலசோரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் இறந்தவர்களையும், 2025-ல் அகமதாபாத் விமான விபத்தில் கருகியவர்களையும் குடும்பத்திடம் சேர்த்ததும் இந்தச் சோதனைதான். அங்கே எந்த வங்கியும் தேவைப்படவில்லை. உறவினர்கள் வந்து தாமாகக் கொடுத்தார்கள், ஒப்பிட்டார்கள், ஒப்படைத்தார்கள். ஒரு வழக்குக்கு எடுத்து, அந்த வழக்கோடு முடிப்பதற்கு நான் முழு ஆதரவு. கொலை, பாலியல் வன்முறை போன்ற குற்றங்களில் தண்டனை உறுதியானவர்களின் எண்களை மட்டும் ஒரு கால வரையறையோடு வைப்பதையும் ஏற்றுக்கொள்வேன், போலீசுக்குக் கட்டுப்படாத ஒரு அமைப்பின் கையில் அது இருந்தால். காணாமல் போன பிள்ளையைத் தேடித் தாய் கொடுக்கும் ரத்தத்தை எந்தத் திருட்டு வழக்கோடும் ஒப்பிடக் கூடாது. விடுதலையானவனின் பதிவு மனு இல்லாமலே அழிய வேண்டும், குச்சியும் அழிய வேண்டும். இவை இல்லாமல் வங்கி வேண்டாம்.

இனி உங்கள் தம்பி விஷயம். கைது செய்யாத ஒருவரிடம் உடல் மாதிரி எடுக்க வேண்டுமானால், விசாரணைக்கு அது தேவை என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டிருக்க வேண்டும். அப்படி உத்தரவு இருந்ததா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அவன் ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டானா, அதில் ‘சம்மதம்’ என்று எழுதியிருந்ததா என்றும் அவனைக் கேளுங்கள். எடுத்த தேதி, நேரம், எடுத்தவரின் பெயர் அல்லது பட்டை எண், டாக்டர் யாராவது இருந்தாரா, சீல் வைத்தார்களா என்பதை எல்லாம் ஞாபகம் இருக்கும்போதே எழுதி வையுங்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள். எந்த உத்தரவின்படி எடுத்தார்கள், மாதிரி இப்போது எங்கே இருக்கிறது, பதிவு ஆவணக் காப்பகத்துக்குப் போனதா, போயிருந்தால் அழிக்கக் கோருகிறேன் என்று நாலு வரி போதும். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் அந்த ரசீதுதான் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஆதாரம்.

மறுபடி அழைத்தால் தனியாக அனுப்பாதீர்கள். எச்சில், ரத்தம் கேட்டால் “மாஜிஸ்திரேட் உத்தரவைக் காட்டுங்கள்” என்று மரியாதையாகக் கேட்கலாம். ஆனால் கையைத் தட்டிவிடுவது, இழுத்துத் தள்ளுவது வேண்டாம், மாதிரி கொடுப்பதை எதிர்த்துத் தடுப்பதே 2022 அடையாளச் சட்டப்படி குற்றம். வக்கீலுக்குப் பணம் இல்லாவிட்டால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, இலவசம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். போகும்போது தம்பியையும், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.